கோடை வருமுன் வரம்பில் வைக்கும் தீ

காட்டுத்தீ வராமல் இருக்கத் தீ வைக்கிறோம் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் போலீஸுக்குப் போன் போடுவோம் என்பார்கள். எங்களுக்கு இரண்டுமே நடந்தது. தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை போகும் பக்கம் மலையடிவாரத்தில் ரப்பரும் தென்னையும் வைத்திருக்கிற கொஞ்சம் பேர் சேர்ந்து சில வருஷமாக இந்த வேலையைச் செய்து வருகிறோம். வேறு ஊர்க்காரர்கள் எப்படி என்று கேட்பதால் எழுதுகிறேன். படித்துவிட்டு உடனே தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், பாதி விஷயம் எங்கே வைக்கக் கூடாது, எப்போது வைக்கக் கூடாது என்பதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் என்னப்பா காட்டுத்தீ, எப்போது பார்த்தாலும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மதுரைக்கார நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பச்சைதான் பிரச்சினையே. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கிறது, அந்த மழையில் சரிவுகளில் புல் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும். டிசம்பர் கடைசியில் மழை விட்டால் அப்புறம் கோடை மழை வரும்வரை எல்லாம் காய்ந்துகொண்டே போகும். சரியாக அதே நேரத்தில் ரப்பர் இலையை உதிர்க்கும். ஜனவரி கடைசியில் தோட்டத்துக்குள் நடந்தால் கணுக்கால் வரை சருகு, காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் நொறுங்குகிற சத்தம். ஒரு பீடித் துண்டு போதும்.

ரப்பர் தோட்டத்தில் பிடிக்கிற தீ பார்க்கப் பெரிதாக இருக்காது, முழங்கால் உயரச் சுவாலை தரையோடு ஓடிப் போகும், அரை மணி நேரத்தில் அணைந்தும் போகும். ஆனால் பால் வெட்டுகிற பட்டை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. வெட்டு வரியிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பற்றிக்கொண்டால் எண்ணெய்த் திரி மாதிரி நின்று எரியும், பட்டை உள்ளே வரை வெந்துவிடும். மரம் சாகாது, ஒரு மழை பெய்தால் தளிர்க்கவும் செய்யும், ஆனால் அந்தப் பக்கம் பால் இருக்காது. கன்று வைத்து ஏழு வருஷம் காத்திருந்து வெட்டத் தொடங்கியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, தீ எங்கிருந்து வருகிறது? தானாக வருவதில்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர்கள் வைப்பது, தேன் எடுக்கப் போகிறவர்களின் பந்தம், காட்டுப்பன்றிக்கு அலைகிறவர்கள், சுற்றிப் பார்க்க வந்து சமைத்துவிட்டுப் போகிறவர்கள், சில நேரம் கற்பூரம். மருந்துவாழ்மலையில் கோடையில் தீ தெரிந்தால் கன்னியாகுமரி ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள், ஆனால் 101-க்கு யாராவது அழைத்தார்களா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முதலில் சட்டம், இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. எங்களுக்கு மேலே இருப்பது கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம், 2008-ல் அறிவித்தார்கள், 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. சரணாலயத்துக்குத் தீ வைப்பதையும், அதற்கு ஆபத்து வருகிற மாதிரித் தீ மூட்டுவதையும், எரிகிற தீயை விட்டுவிட்டு வருவதையும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு தடை செய்கிறது. காப்புக்காடு என்றால் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. ஆகவே காட்டுக்குள் நாங்கள் ஒரு குச்சி கூடக் கொளுத்துவதில்லை. காட்டு ஓரத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் எரிப்பதும் வனத்துறையின் வேலை, அவர்கள் கூப்பிட்டால் கூட நின்று மண்வெட்டி பிடிப்போம். நாங்களாக எரிப்பது எங்கள் பட்டா நிலத்தின் ஓரத்தில் நீளமாக ஓடும் புல் பட்டையை மட்டும், அது முன்பே எரிந்து கிடந்தால் கோடையில் வருகிற தீ தாண்டி வர விறகு இருக்காது. அதற்கும் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து இடத்தைப் பார்த்து, சரி என்று சொல்லி, எரிக்கிற அன்று ஒரு வனக்காப்பாளரோ வேட்டைத் தடுப்புக் காவலரோ கூட நிற்கும்போது மட்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் முந்தின நாளே தகவல் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தெரியும் சூட்டை வைத்து தீ எச்சரிக்கை அனுப்புகிறது, செல்போன் எண்ணைப் பதிவு செய்தால் பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும், கட்டாயம் பதிந்து வையுங்கள். ஒரு தடவை நாங்கள் பட்டையை எரித்து முடித்து கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கும்போது எங்கள் தீயைப் பற்றி எங்களுக்கே செய்தி வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சரகத்திலிருந்து ஒரு போனோடு முடிந்தது. ஆனால் இந்த எச்சரிக்கையை மட்டும் நம்பி உட்கார முடியாது. செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் நம் தலைக்கு மேல் போகும், நடுவில் பிடித்து அணைந்த தீ அதன் கணக்கில் வராது.

எங்களுக்கு இதில் குரு என்றால் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றின் மூட்டுக்காணிதான், அதாவது அவர்களின் தலைவர். எங்களில் ஒருவனுக்கு அவர் பழக்கம். கூட்டிக்கொண்டு வந்து சரிவைக் காட்டினோம். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "எங்கேர்ந்து வைக்கப் போறிய?" என்றார். கீழே ரோட்டோரத்திலிருந்து, தண்ணீர் வண்டி நிற்க வசதி என்றோம். "கீழே வச்சா அது உங்க கையில நிக்காது பிள்ளே. மேலே வச்சு இறக்கணும்" என்றார்.

மொத்தத் தொழில்நுட்பமும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. தீ மேட்டில் ஏறும்போது சுவாலை முன்னால் இருக்கும் புல்லின் மேலேயே சாய்கிறது, சூடு முன்னே போய் அதைக் காயவைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்கள் சொல்லித்தரும் கணக்கு. இறங்குகிற தீ அப்படி இல்லை, முன்னால் இருக்கும் புல்லுக்குச் சூடு போகாமல் மெதுவாக ஊர்ந்து வரும், பக்கத்தில் நடந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்களே, அதற்கப்புறமாவது புல் சரிவில் தீ எப்படி ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீக்கு மேல்பக்கம் ஆள் நிற்கவே கூடாது. எங்களிடம் இதில் விதிவிலக்கு கிடையாது, பஞ்சாயத்துத் தலைவரே வந்தாலும் எரிந்து கரிந்த நிலத்தில்தான் நிற்க வேண்டும். ஏற்கெனவே எரிந்த இடம் மறுபடி எரியாது, அதுதான் பத்திரமான இடம்.

எரிப்பதற்கு முந்திய வேலைதான் முதுகை ஒடிக்கும். பட்டை பத்து மீட்டர் அகலம். அதன் இரண்டு ஓரத்திலும் புல்லைச் செதுக்கி, வேரோடு கொத்தி, வெறும் மண் தெரிகிற வரை சுரண்டிய பாதை வேண்டும். அந்தப் பாதை பக்கத்துப் புல்லின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது அகலம் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு, ஆள் உயரப் புல் என்றால் முதலில் அதை வெட்டிப் பட்டையின் நடுவில் படுக்கப் போட்டுவிடுவோம். செதுக்கிய குப்பையை எரிகிற பக்கம் தள்ள வேண்டும், காட்டுப் பக்கமோ தோட்டப் பக்கமோ தள்ளினால் நாமே விறகு அடுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாதைக்கு மேலே சாய்ந்திருக்கும் காய்ந்த பனையோலை, தென்னோலை, பட்டுப்போன மரம் எல்லாம் முன்பே இறங்க வேண்டும், நிற்கிற பட்டமரத்தில் தீ ஏறினால் பொறி எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவே முடியாது. இந்தச் செதுக்கும் வேலை டிசம்பர் கடைசி மழை ஈரம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும், மண் இறுகிவிட்டால் மண்வெட்டி தெறிக்கும்.

நாள் பார்ப்பது அடுத்தது. ஜனவரி முதல் பாதியில், புல்லின் மேல்பாதி காய்ந்து அடிப்பாதியில் இன்னும் ஈரம் இருக்கும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதுதான் நேரம். ஒரு தாளை வளைத்துப் பார்த்தால் மேலே ஒடியும், கீழே வளையும். அடியும் படக்கென்று ஒடிந்தால் காலம் கடந்துவிட்டது, அந்த வருஷம் அந்த இடத்தில் தீ வேண்டாம், வெட்டி அகற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சருகை உள்ளங்கையில் கசக்கினால் பொடியாகக் கொட்டினாலும் அதே கதைதான். காற்றின் ஈரப்பதம் பார்க்கச் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புல் பற்றவே பற்றாது, வெறும் புகைதான். 40-க்குக் கீழே இறங்கினால் நாங்கள் தொடுவதில்லை. செல்போன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அது நாகர்கோவிலுக்கு இருக்கலாம், உங்கள் சரிவுக்கு இல்லை.

காற்றைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது ஆரல்வாய்மொழிக் கணவாயை நம்பித்தானே. காலை ஏழரை, எட்டு மணிக்குப் பனி உலர்ந்ததும் தொடங்கினால் பத்துக்குள் தீ வேலை முடிந்துவிட வேண்டும், பதினொன்றுக்கு மேல் சரிவில் காற்று மேல்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும், கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாயங்காலம் வைத்தால் நல்லதுதான், ராத்திரி ஈரம் ஏறும், காற்றும் மலையிலிருந்து கீழே இறங்கும், வெளிநாடுகளில் அப்படியும் செய்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கம் இருட்டினால் யானை இறங்குகிற வழி. கங்கு காக்க ராத்திரி ஆள் நிறுத்த முடியாது. அதனால் காலைதான்.

எரிக்கிற அன்று முதல் வேலை, கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே பட்டை முழுக்க ஒரு நடை நடப்பது. முயல், கீரி, பாம்பு எல்லாம் நகரட்டும் என்றுதான். சுற்றிவரத் தீ வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு, வேகமாக முடியும், ஆனால் உள்ளே இருப்பது எதுவும் தப்பாது. நாங்கள் மேலே ஓரத்தில் மட்டும் வைப்போம், கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும். அப்புறம் ஒரு முறம் அளவு இடத்தில் சோதனைக்குப் பற்றவைத்துப் புகையைப் பார்ப்போம். புகை நேராக ஏறி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் நல்லது. தரையோடு படுத்தாலும், இரண்டு மூன்று தடவை திசை மாறினாலும், அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அத்தனை பேரும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள், கறுப்புக் காப்பி கொதித்துக்கொண்டு இருக்கும், "லேய், இவ்வளவு தூரம் வந்தாச்சு, வச்சிட்டுப் போவோம்" என்று ஒருவன் சொல்வான். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு ஆளுக்கு அதிகாரம் இருக்க வேண்டும், அவன் பேச்சுக்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது. எங்களில் அது முன்பு ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஒரு அண்ணாச்சி, இளகாத மனுஷன், அதனாலேயே அவரை வைத்தோம்.

பற்றவைக்கக் காய்ந்த தென்னோலையில் கட்டிய சூட்டு, அதாவது ஓலைப் பந்தம் போதும். கலிபோர்னியாவில் டீசலும் பெட்ரோலும் கலந்து சொட்டுச் சொட்டாக விழும் பந்தம் வைத்திருக்கிறார்கள், எங்கள் பையன் ஒருவன் வீடியோ காட்டி அதுபோல் செய்வோம் என்றான், வேண்டாம் என்று விட்டோம். பெட்ரோலை மட்டும் யாரும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, அதன் ஆவிதான் முதலில் பற்றும், கையோடு சேர்ந்து. மேல் ஓரத்தில் இரண்டு மூன்று மீட்டர் கரிந்து இறங்கியதும், அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வரி வைப்போம், அது ஏறிப் போய்க் கரிந்த இடத்தில் முட்டி நின்றுவிடும். இப்படி வரிவரியாகக் கீழே வர வேண்டும். இரண்டு ஓரத்திலும் பச்சைத் தழைக் கொத்தோடும், பயிருக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரோடும் ஆட்கள் நடப்பார்கள். ஸ்ப்ரேயரை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், களைக்கொல்லி வாடையோடு கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்தால் சருகுக்குள் நன்றாக இறங்கும். உடுப்பு முழுக்கைப் பருத்திச் சட்டைதான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். மூக்கில் ஈரத் துண்டு கட்டினால் புகை வராது என்பது மனத்திருப்திக்குத்தான், நுண்துகளை அது நிறுத்தாது, என்95 முகக்கவசம் போடுங்கள். இளைப்பு உள்ளவர்கள் அன்று சமையல் பக்கம் இருந்தால் போதும்.

பத்து மணிக்குத் தீ முடிந்ததும் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். அப்போதுதான் ஆட்கள் நழுவுவார்கள், அப்போதுதான் ஆபத்தும். காய்ந்த மாட்டுச்சாணியைக் காலால் தள்ளிப் பாருங்கள், மேலே சாம்பல் நிறத்தில் செத்த மாதிரி இருக்கும், புரட்டினால் அடியில் சிவப்பாகக் கனன்றுகொண்டு இருக்கும். சரிவில் அது உருண்டு கோட்டைத் தாண்டிப் போனால் மதியக் காற்றில் முழித்துக்கொள்ளும். யானைச் சாணமும் அப்படித்தான், இன்னும் அதிக நேரம் தாங்கும். மக்கிய தென்னங்குற்றி, பழைய ரப்பர் வேர் எல்லாம் மண்ணுக்குள்ளேயே நாள் கணக்கில் புகையும். புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, சுட்ட இடத்தைத் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மணி வரை இது. மறுநாளும் ஒரு நடை, அதற்கடுத்த நாளும்.

இனி எங்கே கூடாது என்பது. ரப்பர் தோட்டத்துக்குள் ஒருபோதும் தீ கிடையாது, அங்கே சருகைக் கூட்டி ஒதுக்கி வரம்போரம் வெறும் தரையாக வைக்க வேண்டும், இலை ஊதும் இயந்திரம் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட வேண்டும், காசும் ஆச்சு. இளங்கன்றுத் தோட்டத்தில் தரையை மூடிப் படர்கிற மூடுபயிர் போட்டிருந்தால் அது கோடையில் காய்கிற வகையா என்று பாருங்கள், பூரேரியா காய்ந்து மெத்தையாகக் கிடக்கும், மியூக்குனா பிராக்டியேட்டா பச்சையாகவே தாக்குப்பிடிக்கும். மேலே இருக்கும் பசுமைமாறாக் காட்டின் ஓரத்தையும் தொடக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் படித்துவிட்டு, பழங்குடிகள் காலங்காலமாகக் காட்டை எரித்துத்தான் காப்பாற்றினார்கள், நாமும் எரிப்போம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே சருகுத் தீ வைத்து வந்தார்கள், 1974-ல் அது சரணாலயமாகி, தீ வைப்பது நின்றபிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் சொல்வது. நியாயமான பேச்சு. ஆனால் அங்கே பெரும்பகுதி இலையுதிர் காடு, தடித்த பட்டை மரங்கள். நம் மேல்மலையில் இருப்பது மெல்லிய பட்டை மரம், ஒரு தடவை வெந்தால் போச்சு, அந்த வெளிச்சத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடிதான் முதலில் வந்து உட்காரும், அது காய்ந்தால் அடுத்த தீக்கு அதுவே விறகு. கலிபோர்னியாக் கதையும் அப்படித்தான். அங்கே ஹம்போல்ட் என்கிற மாவட்டத்தில் 2018-ல் நில உடைமையாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தீ வைக்கும் சங்கம் தொடங்கினார்கள், 2021-ல் பயிற்சி பெற்றவர்கள் முறையாகச் செய்த தீ கைமீறினால், மிக மோசமான கவனக்குறைவு இல்லாதவரை அணைக்கும் செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்று சட்டமும் கொண்டுவந்தார்கள். நமக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. கைமீறினால் வழக்கு நம் பேரில்தான், அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நாங்கள் எதிர்பார்க்காத தகராறு தேன்காரர்களோடு வந்தது. ரப்பர் தளிர்விடும் காலம்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களுக்கு அறுவடைக் காலம், தோட்டம் தோட்டமாகப் பெட்டி கொண்டுவந்து வைப்பார்கள். புகை போனால் பூச்சி கலைந்துவிடும் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், அவர் சொன்னதிலும் தப்பில்லை. இப்போது பெட்டி வருவதற்கு முன்பே தேதியை அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறோம், ஜனவரி முதல் பாதி என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று தீராத தலைவலி. எங்கள் பட்டையின் மேற்குக் கோடியில் ஒரு தோட்டம், உடைமைக்காரர் வெளியூரில், ரப்பர் விலை இறங்கின காலத்தில் வெட்டை நிறுத்தியவர்தான், அப்புறம் உள்ளே யாரும் போகவில்லை. மரத்துக்கு மரம் கொடி ஏறிக் கிடக்கிறது. போன் செய்தால் பார்ப்போம் என்பார். அவர் நிலத்தில் நாம் கைவைக்க முடியாது, அதன் ஓரத்தில் தீ வைக்கிற தைரியமும் எங்களுக்கு இல்லை. அதனால் வருகிற ஜனவரியில் அந்தப் பக்கம் தீ வேண்டாம், எங்கள் பக்கத்துப் புல்லை மாடு வைத்திருப்பவர்களை அறுத்துக்கொண்டு போகச் சொல்லி, தரையைச் செதுக்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். புல் அவர்களுக்கு இலவசம். செதுக்குகிற கூலியை யார் யார் எவ்வளவு போடுவது என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டு இருக்கிறது.